பயிர் மஞ்சளாக இருக்கிறது: பார்த்தது எது, ஊகித்தது எது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளை சம்பா வயலுக்கு அழைத்துப்போய், பார்த்ததை எழுதச் சொன்னேன். பலரும் 'பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தலை' என்று எழுதியிருந்தார்கள். அது உற்றுநோக்கல் இல்லை, ஊகம் என்றால், 'நேர்ல பார்த்தோமே சார்' என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் பிள்ளைகள் வயல்காட்டில் வளர்கிறவர்கள். பயிர் மஞ்சளடித்தால் வீட்டில் உடனே யூரியாப் பேச்சு வரும். அதைக் கேட்டு வளர்ந்ததால் காரணமே கண்ணில் தெரிகிற மாதிரி அவர்களுக்குத் தோன்றுகிறது. அதனால் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். ஊகம் என்றாலே தப்பு என்று ஒரு முறை பதிந்துவிட்டால், அப்புறம் வகுப்பில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 'எதைப் பார்த்து இப்படிச் சொன்னாய்?' என்று மட்டும் கேளுங்கள். 'தோகை மஞ்சளா இருந்துச்சு சார்' என்று பதில் வரும். உற்றுநோக்கல் அதுதான். அதோடு தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சேர்த்து அந்தப் பிள்ளை எட்டிய விளக்கம்தான் தழைச்சத்துக் குறை.

இங்கேயே நிறுத்தாமல் 'எந்தத் தோகை?' என்று கேளுங்கள். பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. தழைச்சத்து குறைந்தால் பயிர் தன் பழைய இலைகளில் இருக்கும் சத்தைப் புதுக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அடித்தோகைதான் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அப்படி எளிதில் இடம் மாறாது. அது குறைந்தால் இளந்தோகை முதலில் வெளுக்கும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயிலும் இலை நுனியிலிருந்து மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறும். ஆனால் பயிர் குட்டையாகிவிடும், தூரும் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) குறையும். வயலிலிருந்து சில பயிர்களை வேரோடு எடுத்துவந்து மேசையில் வையுங்கள். எந்த இலை, நுனியா நடுவா, பக்கத்துப் பயிரைவிட எத்தனை சென்டிமீட்டர் குட்டை, எத்தனை தூர் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே மஞ்சளுக்கு மூன்று விளக்கம் இருக்க முடியும் என்று தெரிந்ததும், தாங்கள் முதலில் எழுதியதை அவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கச் சொல்லுங்கள்: பார்த்தது, நினைப்பது, இன்னும் எதைப் பார்த்தால் தெரியும். பல வகுப்புகளில் முதல் இரண்டோடு விட்டுவிடுகிறார்கள். அப்போது அது வெறும் வகைபிரிக்கும் பயிற்சியாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முக்கியம். காலையில் வயல் ஈரமாக இருக்கிறது. மழையா, வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்ததா? தெருவும் கூரையும் நனைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். தேங்கிய தண்ணீரில் பாசியோரம் குமிழி வருகிறது. பாசி ஒளிச்சேர்க்கையில் விடும் ஆக்சிஜனா, சேற்றில் உண்டான மீத்தேனா? விடிவதற்கு முன்னும் உச்சிவெயிலிலும் பார்க்க வேண்டும். வெயிலில் மட்டும் குமிழி வந்தால் பாசிப் பக்கம் வலுக்கும்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பயிருக்கு அம்மோனியம் சல்பேட் போட்டார்கள், பச்சை திரும்பிவிட்டது. தழைச்சத்துக் குறைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த உரத்தில் தழைச்சத்து சுமார் 21 சதவீதம், கந்தகம் சுமார் 24 சதவீதம். எது வேலை செய்தது என்று தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, கந்தகம் இல்லை. ஒரு தொட்டிக்கு யூரியா, இன்னொன்றுக்கு அம்மோனியம் சல்பேட், மூன்றாவதற்கு எதுவும் இல்லை என்று வைத்து, உரம் போடும் இரண்டிலும் தழைச்சத்து ஒரே அளவு வருமாறு நிறுத்துப் போட்டால்தான் பிரித்துச் சொல்ல முடியும். சரியான எடையை நீங்களே போட்டுக்கொடுங்கள். அதிகமானால் பயிர் கருகிவிடும்.

ஒரு சிக்கலான கேள்வியும் வரும். 'லிட்மஸ் சிவப்பாச்சு, அமிலம்னு பார்த்தோமே, அது எதில் சேரும்?' என்பார்கள். தாள் சிவந்தது உற்றுநோக்கல். திரவம் அமிலம் என்பது ஊகம். ஆனால் அது எண்ணற்ற முறை சோதித்து உறுதியான ஊகம், அதனால் நாம் யோசிக்காமலே சொல்கிறோம். எல்லா ஊகமும் ஒரே பலம் கொண்டதல்ல என்று நேராகவே சொல்லிவிடுங்கள். பச்சையின் அடர்த்திப்படி எண்ணிட்ட கட்டங்கள் உள்ள இலை வண்ண அட்டையை இலையோடு வைத்து ஒப்பிட்டு எண் குறிப்பதும் உற்றுநோக்கல்தான், அந்த எண்ணை வைத்து உரம் வேண்டும் என்பது ஊகம். கருவி கையில் இருப்பதால் இது மாறிவிடாது.

தேர்வில் 'உற்றுநோக்கல் என்றால் என்ன?' என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுவார்கள். வரப்பு ஓரத்தில் எடுத்த ஒரு படத்தைக் கொடுத்து மூன்று பத்தியையும் நிரப்பச் சொல்லுங்கள். ஊகம் தவறாக இருந்தாலும், அதைச் சோதிக்கும் வழியை மூன்றாவது பத்தியில் சரியாக எழுதியிருந்தால் அதற்குரிய மதிப்பெண்ணை முழுதாகக் கொடுங்கள்.