தாளுக்கும் கஞ்சி வேண்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் வாட்டர்கலரில் புக்மார்க், வாழ்த்து அட்டை, கல்யாணத் தாம்பூலப் பையில் கட்டும் சின்ன டேக் எல்லாம் செய்து விற்கிறேன். யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அவர்கள் செய்வதுபோலவே செய்தாலும் எனக்கு வண்ணம் சேறாகிவிடுகிறது. தாள் சுருண்டுகொள்கிறது. உப்புத் தூவினால் அவர்களுக்கு வரும் நட்சத்திரம் எனக்கு வருவதில்லை. வண்ணம்தான் மட்டம் என்று நினைத்து வெளிநாட்டு ட்யூப் பெட்டி ஒன்றை 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேறு எந்த பிராண்ட் வாங்கலாம்? அடுத்து கரிகிரி மண்பாண்டத்திலும் துணிப் பையிலும் வாட்டர்கலர் முயலலாம் என்றிருக்கிறேன்.

என் பெரியப்பா (முன்பு தறி வைத்திருந்தவர்) இதையெல்லாம் "ஸ்கூல் பிள்ளைங்க வேலை" என்கிறார். நான் செய்வது கலையா, வெறும் கைவேலையா? ஒரு புக்மார்க்குக்கு என்ன விலை வைக்கலாம்? 30 ரூபாய் என்றாலே பேரம் பேசுகிறார்கள். லேமினேஷன் செய்த ஒன்றும், கெட்டுப்போனதால் அப்படியே விட்ட ஒன்றும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ம., குடியாத்தம்

*

அன்புள்ள ம.,

உங்கள் கவர் வந்தபோது நான் கஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன். குடிக்கிற கஞ்சி இல்லை, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, போடுகிற கஞ்சி. போன மாதம் ஒரு சாவுக்காகக் குடியாத்தம் வந்திருந்தேன். நெல்லூர்பேட்டையில் நான் பையனாக ஓடித் திரிந்த தெருவில் இப்போது இரண்டு பக்கமும் பைக் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பாவு விரிக்கலாம் என்று யாராவது நினைத்தாலும் இடம் கிடையாது. அன்றிலிருந்து மூக்கில் அந்தக் கஞ்சி வாசனைதான். அந்த நேரம் பார்த்து குடியாத்தம் தபால் முத்திரையோடு ஒரு கவர். இல்லையென்றால் 'எந்த பிராண்ட் வாங்கலாம்' கடிதங்களுக்கு நான் பதில் போடுவதே இல்லை.

கலையா கைவேலையா என்று இன்னொரு முறை என்னிடம் கேட்காதீர்கள். கருத்தரங்குகளில் மதியச் சாப்பாடு வரும்வரை நேரம் போக்குவதற்காக வைத்திருக்கும் கேள்வி அது. பெரியப்பா அப்படித்தான் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். அவரிடம் கேட்க வேறு விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

புக்மார்க் அழகாக இருக்கிறது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், திட்ட ஆரம்பித்தால் மறந்துவிடும். அந்த ஆவாரம்பூக் கொத்தில் மேலிருந்து இரண்டாவது பூவைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, அடியில் கொஞ்சம் நிழல் மட்டும் தொட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கே நிறுத்துவது என்று யூட்யூபில் சொல்லித்தர முடியாது. அது உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் ஏம்மா, இதை எதில் வரைந்திருக்கிறீர்கள்?

கடிதம் முழுக்க வண்ணம், வண்ணம், வண்ணம். தாளைப் பற்றி ஒரே வரி, சுருண்டுகொள்கிறது என்று. என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), எங்கே வாங்கியது, ஒன்றும் இல்லை. கெட்டுப்போன புக்மார்க்கை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலையின் நுனியில், பிரஷ் இரண்டு மூன்று தடவை போய்வந்த இடத்தில், தாள் பொடிப்பொடியாகத் திரண்டு நிற்கிறது. பச்சை அந்தத் திரளுக்குள் சிக்கிக் கறுத்துப்போயிருக்கிறது. திருப்பினால் பூவின் மஞ்சள் முதுகிலும் ஊறியிருக்கிறது. ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். சொட்டு சொட்டாக நிற்கவே இல்லை, வைத்த உடனே உள்ளே போய்விட்டது. சார்ட் பேப்பர்! 3,000 ரூபாய் வண்ணத்தைப் பிள்ளைகள் பிராஜெக்ட் செய்கிற சார்ட் பேப்பரில் ஊற்றிவிட்டு, வண்ணம் சரியில்லை என்று எனக்குக் கடிதம். அந்த யூட்யூப்காரர்கள் வீடியோவுக்குக் கீழே என்ன தாள் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் வண்ணத்தின் பெயரை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். நீங்கள் வளர்ந்த காலத்தில் குடியாத்தத்தில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்களா, தெரியவில்லை. என் தாத்தா கைலித் தறி வைத்திருந்தார். விடிவதற்கு முன்பே தெருவில் கால் நட்டுப் பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். பாட்டி காய்ச்சிய அரிசிக் கஞ்சியை வடிகட்டிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு எடுத்து வருவார். தெளித்த கையோடு ஆளுக்கொரு பக்கம் பெரிய பிரஷ்ஷைப் பிடித்து நீள நெடுக இழுத்துக்கொண்டே போவார்கள், காய்கிறவரை விடக் கூடாது. விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது எங்கள் வேலை, பிள்ளைகளுக்குத்தான் கண் நன்றாகத் தெரியும் என்று. தாத்தா நூலை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்ப்பார். கஞ்சி கூடினால் நூல் விறைத்து முறியும். குறைந்தால் தறியில் சீப்புப்போல இருக்கும் அச்சுக்குள் போய்வரும்போது பஞ்சு கிளம்பும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கும்போது அடிக்கிற வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் இன்னும் முன்னதாக எழுந்துவிடுவார். வெயில் ஏறிவிட்டால் பிரஷ் ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் காய்ந்துவிடும், பதம் போய்விடும். ஒரு நாள் திடீரென்று தூறல் விழுந்து பாவு முழுக்கக் கெட்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

தாளுக்கும் இதே கதைதான். தாள் என்பது நார். நல்ல வாட்டர்கலர் தாள் என்றால் பருத்தி நார், நம் நூலுக்கு இருக்கிற அதே பருத்தி. நாரை அப்படியே விட்டால் தண்ணீரைக் குடிக்கும், தேய்த்தால் பஞ்சு கிளம்பும். அதனால் தாளுக்கும் கஞ்சி போடுகிறார்கள். ஐரோப்பாவில் ஜெலட்டின் போட்டார்கள். நம் நாட்டுக் கைத்தாள்காரர்கள் அரிசி, கோதுமை மாவுக் கஞ்சியே தடவி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பழைய சிற்றோவியங்களில் மயிரிழைபோலக் கோடு நிற்கிறதே, அதில் பாதிப் புண்ணியம் அந்தக் கஞ்சிக்கும் கல்லுக்கும்தான். இங்கிலாந்தில் டர்னர் போன்ற ஓவியர்கள் தண்ணீர் வண்ணத்தைத் துடைத்தும் சுரண்டியும் அவ்வளவு விளையாட முடிந்ததற்கு, ஜெலட்டின் ஏறிய வாட்மேன் தாள் கையில் இருந்தது பெரிய காரணம். அதே வாட்மேன் பெயரில் உங்கள் பள்ளி லேபில் ஃபில்டர் பேப்பர் இருந்தாலும் இருக்கும், கெமிஸ்ட்ரி டீச்சரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அது கஞ்சி இல்லாத தாள், குடிப்பதற்கென்றே செய்தது. அதில் ஒரு சொட்டு உங்கள் ட்யூப் வண்ணம், நல்ல வாட்டர்கலர் தாளில் ஒரு சொட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் இவ்வளவு நேரம் கத்துவது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். நல்ல தாளில் வண்ணப்பொடி மேலேயே தங்குகிறது, வெளிச்சம் அதற்குள் புகுந்து தாளின் வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஃபில்டர் பேப்பரிலோ சார்ட் பேப்பரிலோ பொடி நாருக்குள் போய்ப் புதைந்துவிடும். அதனால்தான் வண்ணம் மங்கலாகத் தெரிகிறது.

உங்கள் புகார்களை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். சேறாவது, பெரும்பாலும் கிளம்பிய பஞ்சில் வண்ணம் சிக்குவது. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை வைப்பதும் ஒரு காரணம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுருள்வது தாள் மெலிசாக இருப்பதால். 300 ஜிஎஸ்எம் வாங்கினால் பாதி தீரும். மீதிக்கு, காய்ந்த பிறகு முதுகில் லேசாக ஈரம் காட்டி இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். உப்பு நட்சத்திரம், மேலே ஈரம் மிதக்கும்போதுதான் வரும். பளபளப்பு அடங்கப்போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தூவ வேண்டும். உங்கள் தாளில் ஈரம் மிதப்பதே இல்லை. மிதந்தாலும், நம் ஊரில் மே மாதத்தில் 40 டிகிரி, தலைக்குமேல் ஃபேன். எங்கே நிற்கும்? ஃபேனை நிறுத்துங்கள், காலை ஆறு மணிக்கு உட்காருங்கள். தாத்தாவின் நேரம்தான் வாட்டர்கலருக்கும் நேரம். பொடி உப்பில் சின்ன நட்சத்திரம் வரும், கல்லுப்பில் பெரியது வரும்.

கடைகளில் பூ இதழ் பதித்து, கரடுமுரடாக, பார்க்க ஆசையாக இருக்கும் கைத்தாள் விற்கிறார்கள். கைவினை செய்கிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு முறை விழுவார்கள். பலவற்றில் கஞ்சி போதாது. வாங்குவதற்கு முன் ஓரத்தில் விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். உடனே கறுத்து உள்ளே வாங்கினால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் 10 முதல் 20 கிராம் ஜெலட்டின் கரைத்து, ஆறுவதற்குள் அகலமான பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவிக் கொடியில் காயப்போடுங்கள். அல்லது, இதற்குத்தான் பெரியப்பா. கலையா என்று அவரிடம் வாதாடாமல் கஞ்சிப் பதம் கேளுங்கள். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது இறக்குவது, விரலில் எப்படி ஒட்ட வேண்டும். அந்தத் தலைமுறையிடம் கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. (தாளுக்கு எண்ணெய் விடாதீர்கள், கறை பிடிக்கும். அரிசிக் கஞ்சிக்குப் பூச்சியும் வரும், தடவிய தாளை டப்பாவில் மூடி வையுங்கள்.)

மண்பாண்டம், துணிப்பை. இரண்டும் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன், ஆனால் இதுவும் அதே விஷயம். வாட்டர்கலரில் வண்ணப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது பிசின். தண்ணீர் பட்டால் பிசின் திரும்பவும் கரையும். துணிப்பையை ஒரு தடவை அலசினால் உங்கள் ஆவாரம்பூ வாளியில் இருக்கும். துணிக்கென்று தனி வண்ணம் இருக்கிறது. சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும், மெருகு பூசிய மண் தண்ணீரைத் தள்ளும். இரண்டிலும் முதலில் ஒரு பூச்சு கொடுக்காமல் பிரஷ் வைப்பது வீண். காளஹஸ்தி இங்கிருந்து என்ன தூரம்? அங்கே கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வரைகிற குச்சியையே கையில் எடுப்பார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு ஏன், உங்கள் பக்கத்து மலையம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள், மிச்சமிருப்பது கொஞ்சம்தான். பாறைமேல் அப்படியே தீட்டிவிடவில்லை அவர்கள். சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல்தான் வண்ணம். பள்ளிப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கிட்டத்தில் போய் அந்தப் பூச்சு உதிர்ந்த ஓரங்களைப் பாருங்கள். என்னிடம் பிராண்ட் கேட்பதைவிட உபயோகம்.

லேமினேஷன். ஊரில் ரேஷன் கார்டு, ஜாதகம், சாமி படம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் போட்டுப் பொரித்தெடுக்கும் ஆசை நமக்கு. ரேஷன் கார்டுக்குச் சரி. வாட்டர்கலருக்குச் செய்தால், இவ்வளவு பாடுபட்டுத் தாளின் மேல் நிறுத்திய வண்ணத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு பளபளப்புச் சுவர். நல்ல தாளின் சொரசொரப்பு விரலில் படுவதே புக்மார்க்கின் சுகத்தில் பாதி. கை ஈரம் பட்டுக் கெடுமே என்பீர்கள். கெடட்டும், புக்மார்க் தானே. வேண்டுமானால் மெழுகை லேசாகத் தேய்த்து மெத்தென்ற துணியால் துடையுங்கள், போதும். அப்புறம், பளீரென்ற அந்த ரோஸ் நிறத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த வகை ரோஸ் பலவும் வெயில் படும் இடத்தில் சீக்கிரம் வெளுத்துப்போகும். வேலூர் ஜில்லாவில் வெயில் படாத ஜன்னல் ஏது?

பிராண்ட் கேட்டிருந்தீர்கள். கையில் இருக்கும் ட்யூப் தீருகிறவரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

விலை. 22-க்கு 30 அங்குல முழுத் தாளில் 2-க்கு 6 அங்குலத்தில் 55 புக்மார்க் வெட்டலாம், ஒரு துண்டு வீணாகாது. பருத்தித் தாள் 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறது. இந்த ஐந்தரை ரூபாய்க்குப் பயந்துகொண்டுதான் இத்தனை நாள் சார்ட் பேப்பரில் மாரடித்திருக்கிறீர்கள். அடுத்த ஆவாரம்பூவை நல்ல தாளில் வரைந்து 60 ரூபாய் சொல்லுங்கள், குறைக்காதீர்கள். பேரம் பேசுகிறவர்களுக்கு லேமினேஷன் செய்ததில் மிச்சம் இருப்பதை 30-க்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.