இருபத்து மூன்று, நடையைக் கட்டு!

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள பழம்பொருள் சந்தையில் புகைப்பட அஞ்சலட்டை ஒன்றை வாங்கி வந்தான். அட்டையால் செய்த பிறைநிலாவின் மீது தொப்பியணிந்த இரு இளைஞர்கள் அமர்ந்திருக்க, கீழே வெள்ளை எழுத்தில் ‘23 ஸ்கிடூ’ என்றிருக்கிறது. இதன் பொருள் என்ன?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ‘நடையைக் கட்டு’ என்பதுதான். 1906ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கர் பலரின் வாயில் புரண்டு, சில ஆண்டுகளில் பழசாகிப்போன கொச்சை வழக்கு அது. நியூயார்க்கின் 23ஆம் தெருவில், ஃபிளாட்அயர்ன் கட்டடத்தருகே காற்றில் பறக்கும் பாவாடைகளை வேடிக்கை பார்த்தவர்களைக் காவலர்கள் விரட்டியதால் பிறந்தது என்றொரு கதை உண்டு. கட்டடம் 1902இல்தான் எழுந்தது, எண்ணோ அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்பதால் கதை நிற்கவில்லை. நம் ‘ஃபோர் ட்வென்ட்டி’க்காவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு என்ற பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. (2024 ஜூலை முதல் மோசடிக் குற்றம் புதிய சட்டத்தின் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது, ஆயினும் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் எவரும் எவரையும் ‘முந்நூற்றுப் பதினெட்டு’ என்று ஏசக் கேட்டதில்லை.)

இத்தகைய சொற்கள் அஞ்சலட்டையில் ஏறியதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1907 மார்ச் 1 வரை அமெரிக்க அஞ்சல் துறை முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத இடம் தரவில்லையாதலால், சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்திலேயே நறுக்கென்று சொல்லியாக வேண்டியிருந்தது; அனுப்புபவரும் பெறுபவரும் அறிந்த ஒரு கொச்சைச் சொல் அங்கே ஒரு கடிதத்தின் வேலையைச் செய்தது. அழகிய பெண்ணைக் கண்டால் சொல்லும் ‘ஓ யூ கிட்’ என்பதும் 1909 வாக்கில் இவ்வாறே பரவியது. கோடக் நிறுவனம் அஞ்சலட்டை அளவிலேயே படமெடுக்கும் 3ஏ கேமராவை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்ததால், சிற்றூர் ஸ்டுடியோக்காரரும் இதில் இறங்க முடிந்தது. நெகட்டிவின் மீது மையால் எழுதினால் அவ்விடத்தில் ஒளி புகாது. படத்தில் அது வெள்ளை எழுத்தாக விழும். பிறைநிலாவோ, நம் திருவிழா ஸ்டுடியோக்களின் அட்டைக் காருக்கு மூத்த உறவு. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்: நடுவில் கோடு பிரித்திருந்தால், பெரும்பாலும் அது 1907க்கோ அதற்குப் பிற்பட்ட ஆண்டுக்கோ உரியது.

கேள்வி: ஒரே மாம்பழம் மாட்டுவண்டியை அடைத்திருப்பது போன்ற படங்கள் கைபேசியில் வருகின்றனவே, அக்காலத்திலும் இப்படி உண்டா?
– வாசகர், இராயக்கோட்டை

பதில்: உண்டு. கேன்சஸ் மாநிலத்து ஒட்டாவா ஊரின் புகைப்படக்காரர் வில்லியம் மார்ட்டின், 1908 வாக்கில் இதையே தொழிலாக்கினார். காயைக் கிட்டத்திலிருந்தும் வண்டியைத் தொலைவிலிருந்தும் தனித்தனியே எடுத்து, கத்தரித்து ஒட்டி, ஒட்டியதை மறுபடி படமெடுப்பதே முறை. வண்டி கொள்ளாத உருளைக்கிழங்கின் கீழே, எங்கள் பக்கம் விளைச்சல் இப்படித்தான் என்ற தோரணையில், சற்றும் சிரிக்காமல் ஒரு வரி இருக்கும்.