மீந்த மாத்திரை நீர்க்கடுப்புக்கு ஆகுமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். போன வாரம் நீர்க்கடுப்பு வந்து, சொட்டுச் சொட்டாகப் போய் எரிந்தது. தொண்டை வலிக்கு வாங்கியதில் மீந்திருந்த அசித்ரோமைசின் இரண்டு போட்டேன், குறைந்தது. நேற்றிலிருந்து மறுபடி எரிச்சல். மாமியாருக்கு இதே தொல்லைக்கு எழுதிக்கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் நாலு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. தேதியும் முடியவில்லை. போடலாமா?
– பெயர் வேண்டாம், மானாமதுரை

பதில்: வேண்டாம். டப்பாவை மூடிவிட்டு மேலே படியுங்கள்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானே இதைச் செய்தேன். ராத்திரி டியூட்டி, எரிச்சல் தாங்கவில்லை. மேசை டிராயரில் யாரோ விட்டுப்போன நார்ஃப்ளாக்சசின் அட்டையில் மூன்று இருந்தது. விழுங்கினேன். விடிந்ததும் சுகம், அத்தோடு மறந்துவிட்டேன். நாலாம் நாள் குளிர்நடுக்கம், விலாவுக்குக் கீழே குத்தல். பயத்தில் டிராயரைத் துழாவி இன்னும் இரண்டு போட்டுக்கொண்டு, அப்புறம்தான் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எது என்று கண்டுபிடிக்கும் சோதனை) கொடுத்தேன். ‘கிருமி வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. எங்கள் சீஃப் அந்தத் தாளை என் முன்னால் போட்டு, “கைரேகையைத் துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டாயா?” என்றார். ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, சக மாணவிகள் கொண்டுவந்த ரசஞ்சாதம் சாப்பிட்டுக் கிடந்தேன்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி, வழி தவறி நீர்ப்பைக்குள் போனால் வம்பு செய்யும். மாத்திரை அந்தக் கிருமியைக் கொல்லக்கூடியதாக இருந்தால் மட்டும் போதாது, நீர்ப்பை வரை போயும் சேர வேண்டும். அசித்ரோமைசின் பெரும்பகுதி பித்தத்தோடு வெளியேறுகிறது, சிறுநீருக்கு வருவது கொஞ்சம்தான். அப்படியானால் எப்படிக் குறைந்தது? லேசான நீர்க்கடுப்பு சிலருக்குத் தானாகவே அடங்கும். நீங்கள் பயந்துபோய் நிறையத் தண்ணீரும் குடித்திருப்பீர்கள். பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது.

நைட்ரோஃபுரன்டாயின் என்ற மாத்திரை இதற்கு நேர்மாறு. சிறுநீரில் நன்றாகச் சேரும், நீர்ப்பைக்கு நல்ல மருந்து. ஆனால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அது உதவாது. அதையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

சிப்ரோஃப்ளாக்சசின் சிறுநீரில் சேரும், உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈ.கோலி பலவற்றுக்கு அது பழகிப்போய்விட்டது. அதைவிட எனக்குக் கவலை உங்கள் கிளிமெபிரைடு. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, வகுப்பில் சாய்ந்தீர்கள் என்றால் பிள்ளைகள் என்ன செய்யும்? குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு உண்டு. அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பற்றித் தனியாகப் பிரசாரமே செய்தது.

நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர், போதாததற்குத் திரும்பி வந்திருக்கிறது. அதனால் கல்ச்சர் கட்டாயம். லேபில் தரும் மூடி போட்ட டப்பாதான் வேண்டும், வீட்டு ஊறுகாய் பாட்டில் ஆகாது. தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து உடனே கொடுத்துவிடுங்கள். முடிவு வர இரண்டு நாளாவது ஆகும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் மருந்து ஆரம்பித்துவிடுவார். அசித்ரோமைசின் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர், விலா வலி, வாந்தி இதில் ஏதாவது இருந்தால் நாளை வரை தள்ளாதீர்கள், இன்றைக்கே போங்கள்.

பார்லித் தண்ணீர், மோர் தாராளமாகக் குடியுங்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு. ஆசிரியைகள் பலர் காலை ஒன்பது மணிக்கு அடக்கினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போகிறார்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீங்களும் அப்படியா? இடைவேளை மணி அடித்ததும் முதலில் அங்கே போங்கள், நோட்டுத் திருத்துவது அப்புறம் ஆகட்டும்.

ஒரு சந்தேகம். சிப்ரோஃப்ளாக்சசின் வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு. நாலு மீந்திருக்கிறது என்றால் மாமியார் இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருக்கிறார். அவருக்கு அப்புறம் தொல்லை திரும்பியதா, கேட்டீர்களா?