விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள என் மகன் இங்குள்ள அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் உண்டு. நவம்பர் வரை நல்லபடியாகப் போய்வந்தவன், டிசம்பர் பிறந்ததிலிருந்து பக்கத்தில் நிற்பவர்களைத் தள்ளுகிறான். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். இந்த வாரம் மட்டும் இரண்டு முறை பள்ளியிலிருந்து போன் செய்து, சீக்கிரம் வந்து அழைத்துப்போகச் சொன்னார்கள். குளிர்கால விடுமுறைக்கு முந்தைய நாள் நடக்கும் இசை நிகழ்ச்சிக்கும் வகுப்புப் பார்ட்டிக்கும் அவனை அனுப்பாமல் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்த நாள் முழுவதையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவனும் கடந்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சியில் அவனுக்குத் தாங்கக்கூடிய பகுதி எது என்பதை இப்போதே ஆசிரியையுடன் பேசி முடிவுசெய்யுங்கள்.

உங்கள் மகன் திடீரென்று முரடனாகிவிடவில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவனைத் தாங்கிப் பிடித்தது வகுப்பின் ஒழுங்கு. டிசம்பரில் குலைவதும் அதுதான். வாசிப்பு நேரத்தில் ஒத்திகை வரும், ஒத்திகை நாளில் விளையாட்டு நேரம் தள்ளிப்போகும், சுவரெங்கும் புதிய அலங்காரம், உடற்பயிற்சிக் கூடத்தில் ஒலிபெருக்கி. இந்த வாரங்களில் பாடம் அதிகம் நடப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் நிம்மதி கொள்ளும் பிள்ளைக்கோ அது ஒவ்வொரு மணி நேரமும் வரும் அதிர்ச்சி.

ஆகவே, அவன் எப்போது தள்ளுகிறான் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்கைந்து நாள்களுக்கு மூன்று விஷயங்களை மட்டும் குறித்துவைக்கும்படி ஆசிரியையைக் கேளுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே என்ன நடந்தது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒத்திகைக்கு வரிசையில் நிற்கும்போது தள்ளுகிறான், தள்ளியதும் அம்மா வந்து வீட்டுக்கு அழைத்துப்போகிறார் என்றால், ஒத்திகையிலிருந்து தப்பிக்கும் வழியைப் பள்ளியே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக, தள்ளாமலேயே வெளியேறும் வழி ஒன்று அவனுக்கு வேண்டும். கையில் ஓர் அட்டை. அதைக் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியான மூலையில் இருந்துவிட்டு வரலாம். கோபம் வந்த பிறகு இதைப் பழக்க முடியாது. அவன் அமைதியாக இருக்கும் வேளையில், பல முறை செய்துபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய நேர அட்டவணையைப் படங்களாக அவன் மேசையில் ஒட்டச் சொல்லுங்கள். மாறியிருக்கும் பகுதி தனி நிறத்தில் இருக்கட்டும். இசை நிகழ்ச்சியில் எல்லாப் பாடல்களுக்கும் அவன் மேடையில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பாடல்கள், வரிசையின் ஓரத்தில் இடம், சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன், பாடி முடித்ததும் இறங்கிப்போகத் துணைக்கு ஒரு பெரியவர்: இவ்வளவு போதும். பார்ட்டிக்கு முதல் இருபது நிமிடம் போதும். கூட்டமும் சத்தமும் கூடும் முன்பே அவன் கிளம்பிவிடலாம்.

சீக்கிரம் அழைத்துப்போகச் சொல்லும் போன் அழைப்புகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. சட்டப்படி, நடத்தையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாள்களுக்கு மேல் வெளியே வைத்தாலோ, விட்டுவிட்டு வெளியே வைத்த நாள்கள் ஒரு கல்வியாண்டில் 10-ஐத் தாண்டி ஒரே போக்காக அமைந்தாலோ, அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டின் வெளிப்பாடா என்பதைப் பள்ளியும் பெற்றோரும் கூடி ஆராய்ந்தாக வேண்டும். இடைநீக்கம் என்று எழுதாமல் வாய்மொழியாக வீட்டுக்கு அனுப்புவதையும் வெளியேற்றமாகக் கருத வேண்டியிருக்கும் என்று கல்வித் துறை 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் விளக்கியிருக்கிறது. எனவே அடுத்த முறை போன் வந்தால், காரணத்தையும் நேரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள். இதைச் சண்டையாக்க வேண்டாம்; டிசம்பரில் அந்த ஆசிரியையும் களைத்துத்தான் போயிருப்பார். ஆனால் எழுத்தில் இல்லாத நாள்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பாடம் சாராத நிகழ்ச்சிகளிலும் பிற பிள்ளைகளோடு இயன்றவரை பங்கேற்கும் உரிமை உங்கள் மகனுக்கு அதே சட்டப்படி உண்டு. யாருடைய பெருந்தன்மையும் அதற்குத் தேவையில்லை.

இந்த வாரங்களில் தடுமாறுவது உங்கள் பிள்ளை மட்டுமல்ல என்பதையும் ஆசிரியையிடம் பேசும்போது மனத்தில் வையுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் பள்ளியையே நம்பியிருப்பதால் விடுமுறையை நினைத்து உள்ளூர அஞ்சும் பிள்ளைகளும் இருப்பார்கள். படங்களாலான அட்டவணையும் அமைதியான மூலையும் வகுப்புக்கே பொதுவாக இருந்தால், உங்கள் மகன்மீது மட்டும் எல்லோர் கண்ணும் விழாது.

வீட்டில் ஒரு நாள்காட்டியில் விடுமுறை தொடங்கும் நாளோடு பள்ளி மீண்டும் திறக்கும் நாளையும் குறித்து, அதன் அருகில் ஆசிரியையின் படத்தை ஒட்டுங்கள். ஐ.இ.பி. கூட்டத்தைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆண்டுக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் கூட்டம் வேண்டுமென்று இந்த வாரமே எழுதுங்கள். ஆசிரியை குறித்துவைத்தவற்றை அங்கே மேசையில் வைத்து, அட்டவணை மாறும் நாள்களில் யார் என்ன செய்வார் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் வசந்தகால விடுமுறையும் அதன் பிறகு ஆண்டிறுதி நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வரும்போது அது தேவைப்படும்.