டேக் ஃபைவுக்குக் கண்ட சாபு போட்டால் ஏன் இடிக்கிறது?

மேற்கத்திய இசை ஆல்பங்களைப் பற்றி வந்த கேள்விகளில் நான்கு இந்த இதழில்.

கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரியும். ஜாஸ் கேட்க 'டைம் அவுட்' ஆல்பத்தில் தொடங்கச் சொன்னார்கள். அதில் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையாமே? கண்ட சாபு போட்டால் எங்கோ இடிக்கிறது. (வாசகி, மயிலாடுதுறை)

டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட்டின் 1959 ஆல்பம் அது. தாளம் போடத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. ஐந்து என்பதும் சரிதான், பிரிப்புதான் வேறு. கண்ட சாபு 2+3, அதாவது 'தக தகிட'. டேக் ஃபைவ் 3+2, 'தகிட தக'. நீங்கள் தட்டும் இரண்டாவது தட்டு ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை முன்னால் விழுகிறது. இடிக்கும் இடம் அதுதான்.

சாக்ஸஃபோனைப் பின்தொடர்ந்து தாளம் போடாதீர்கள். பால் டெஸ்மண்டின் வாசிப்பு வளைந்து வளைந்து போய் உங்களை ஏமாற்றிவிடும். பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தின்போதும் அது அதே 'தகிட தக'வை விடாமல் வாசிக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் ஜோ மொரெல்லோ எவ்வளவு இடம் விட்டு அடித்தாலும் கணக்கு தொலையாது. ஒற்றைப் பாட்டாக வெளியிடும் சிங்கிளுக்காகச் சுருக்கிய வடிவமும் உலவுகிறது, அதில் இந்தத் தனிதான் அடிபட்டுப் போனது. 5 நிமிடம் 24 விநாடி ஓடுவதைத் தேடிக் கேளுங்கள்.

அதே ஆல்பத்தின் முதல் உருப்படியான 'ப்ளூ ராண்டோ அலா டர்க்' இன்னும் ருசி. ஒன்பது எண்ணிக்கை. 'தக தக தக தகிட' என்று மூன்று முறை, நான்காவது முறை மட்டும் 'தகிட தகிட தகிட'. இதை வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால் இரண்டு நிமிடத்தில் பிடிபடும். நடுவில் தனி வாசிப்பு வரும்போது சாதாரண நாலுக்கு மாறிவிடும், அங்கே ஒன்பதைத் தேட வேண்டாம். 'த்ரீ டு கெட் ரெடி'யில் 3+3+4+4 என்று மாறிமாறி வரும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வோடு சுருதிப் பெட்டி வைத்து வயலின் வாசித்துப் பார்க்கிறேன். முதல் பக்கம் மட்டும் சுருதி சேரவே இல்லை. காது கெட்டுவிட்டதா? (வாசகர், திருச்சி)

உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. குறை ஒலிப்பதிவு நாடாவில். நியூயார்க்கில் கொலம்பியாவின் 30வது தெரு ஸ்டூடியோவில் 1959 மார்ச் 2 அன்று இசைத்தட்டின் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளையும் பதிந்தார்கள். அன்று ஓடிய மூன்று தட நாடா இயந்திரம் சற்று மெதுவாகச் சுழன்றது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமும் கூடும், சுருதியும் ஏறும். அரைக் கட்டை வரை போகாது. ஆனால் சேர்ந்து வாசிப்பவருக்கு அந்தத் தூக்கல் போதும் சங்கடப்படுத்த. ஏப்ரல் 22 அன்று பதிந்த இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

1990களில் வந்த மறுபதிப்புகளில், அன்றே சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவைக் கொண்டு இதைத் திருத்தினார்கள். 1997 பதிப்போ அதற்குப் பிந்தையதோ வாங்குங்கள். பழைய எல்.பி.தான் கையில் இருக்கிறது என்றால், வேகம் திருத்தும் வசதி உள்ள டர்ன்டேபிளில் ஒரு நூல் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பக்கம் திருப்பியதும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

சரியான பதிப்பு கிடைத்ததும் 'சோ வாட்'டுக்குச் சுருதியை 2 கட்டையில் வையுங்கள். ஆதாரமாக வருவது நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள். தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் வாசிப்பதை விட்டுவிடுங்கள். பேஸ் கேட்க மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்லும் இடத்திலிருந்து எண்ணினால், ஆதி தாளக் கணக்கில் 8 ஆவர்த்தனம் 2 கட்டை, பிறகு 4 ஆவர்த்தனம் இரண்டரைக் கட்டை, மீண்டும் 4 ஆவர்த்தனம் 2 கட்டை. எல்லாருடைய தனி வாசிப்பும் இந்த 16 ஆவர்த்தனச் சட்டத்துக்குள்தான் சுற்றுகிறது. மைல்ஸ், கோல்ட்ரேன், கானன்பால் ஆடர்லி என்ற வரிசையில் வாசிப்பார்கள். ஒரே சட்டத்தை மூவரும் எப்படி நிரப்புகிறார்கள் என்று ஒப்பிட்டுக் கேட்பதில்தான் சுகம். பெட்டியின் சுருதி நடுவில் நான்கு ஆவர்த்தனம் ஒத்துவராது, அங்கே அதை அணைத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: கரகரப்ரியாவின் கமகத்தை எதிர்பார்க்காதீர்கள். இது ஸ்வரத் தொகுதிதான், ராகம் அல்ல.

சக்தி குழுவின் மூன்று பழைய ஆல்பங்களில் எது முதலில்? (வாசகர், யாழ்ப்பாணம்)

'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976). அதன் முதல் உருப்படி 'லா டான்ஸ் டு போனர்' கொன்னக்கோலோடு (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) தொடங்குகிறது, பழகிய வாசலாக இருக்கும். அடுத்து 1975இல் மேடையில் பதிந்த முதல் ஆல்பம். அதில் 'ஜாய்' 18 நிமிடம். ராம்நாட் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா மூன்றும் சேர்ந்து கேட்பது அந்த ஆல்பத்தில்தான். 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977) சிறு உருப்படிகள், கடைசியில் கேட்டால் போதும். சக்தியின் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் இன்னொரு குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டுவிட்டு மின்கிட்டாரை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே அவர் வாசிப்பது மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) இடையே பலகையைக் குழிவாகச் செதுக்கிய அக்கூஸ்டிக் கிட்டார். தந்தியை ஆழமாக அழுத்தி இழுக்க முடிவதால்தான் எல். சங்கரின் வயலினோடு கமகத்தில் ஈடுகொடுக்கிறார்.

பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கேட்கும்போது பாடலுக்குப் பாடல் ஒரு நொடி அறுந்து அறுந்து வருகிறது. ஃபோன் கோளாறா? (வாசகர், சேலம்)

கோப்பின் கோளாறு. எம்.பி.3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக்கிச் சேமிக்கிறது. சி.டி. தரத்தில் ஒரு துண்டு சுமார் 26 மில்லி விநாடி. பாடல் துண்டின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். பிளேயர் அதை வெட்டாமல் ஓட்டி, அடுத்த கோப்பைத் திறக்கவும் தாமதித்தால், 'ஸ்பீக் டு மீ'யின் அலறல் 'ப்ரீத்'தின் முதல் ஒலியில் போய் விழ வேண்டிய இடம் பாழாகிறது.

ஆப்பில் இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' என்பதை இயக்குங்கள், ஒரு பாடலை அடுத்ததில் கரைக்கும் 'கிராஸ்ஃபேட்' என்பதை அணையுங்கள், ஷஃபிளைத் தொடவே வேண்டாம். சி.டி.யிலிருந்து நீங்களே பதிவதானால் ஒலி இழப்பில்லாத ஃப்ளாக் வடிவில் பதியுங்கள், அல்லது 43 நிமிடத்தையும் ஒரே கோப்பாக்குங்கள். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'க்கும் 'மணி'க்கும் இடையே மூச்சு விடுவது கோளாறல்ல, எல்.பி.யில் முதல் பக்கம் அங்கேதான் முடிந்தது. 'மணி' ஏழு எண்ணிக்கை. சாக்ஸஃபோன் வரை ஏழு, கிட்டார் தனி வந்ததும் நாலு.