எழுத்து வேண்டாம் என்கிறார் பார்ட்னர், 10 லட்சம் போடலாமா?

கேள்வி: மும்பையில் வேலை பார்க்கிறேன். பழைய ஆபீஸ் நண்பர் மசாலா ஏற்றுமதி தொடங்குகிறார். நான் 10 லட்சம் போட வேண்டும், வேலையெல்லாம் அவர் பார்ப்பார், லாபம் பாதிக்குப் பாதி. பத்திரம் எதுவும் வேண்டாமாம், "அந்தக் காலத்து பம்பாய் பார்சிகள் நம்பிக்கையில்தானே வியாபாரம் பண்ணினார்கள்" என்கிறார். போடலாமா?

பதில்: அவர் சொல்கிறபடி என்றால் போடாதீர்கள்.

பார்சிகளை இழுத்துவிட்டார், சரி, அந்தக் காலத்து பம்பாய் பார்சி வியாபாரி ஜம்சேத்ஜி ஜீஜீபாயையே எடுத்துக்கொள்வோம். 1818-ல் பம்பாயில் கம்பெனி தொடங்கியபோது அவர் கூட்டுச் சேர்த்தது சொந்த சாதிக்காரர்களை இல்லை. மோதிசந்த் அமிசந்த் சமணர், மத்திய இந்தியாவின் மாளவத்தில் அபின் விளைவிப்பவர்களோடு நெருக்கம். முகமது அலி ரோகே கொங்கணி முஸ்லிம், கப்பல்காரர்களிடம் அவர் பேச்சு எடுபடும். பின்னால் வந்து சேர்ந்த கோவாக்காரர் ரோஜேரியோ டி ஃபாரியாவுக்கு டாமன் துறைமுகத்தை வைத்திருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகளைத் தெரியும். ஜம்சேத்ஜியோ சீனாவுக்குப் பலமுறை போய்வந்தவர், சீன வியாபாரத்தில் இருந்த பிரிட்டிஷ்காரர் வில்லியம் ஜார்டினோடு அப்போதே பழக்கம். ஆக ஒருவரை விட்டு இன்னொருவரால் சரக்கை நகர்த்த முடியாது, அந்தக் கட்டாயம்தான் அவர்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. (சரக்கு அபின் என்பதை மறந்துவிட்டு இதைப் புகழ முடியாது, அது தனிக்கதை.)

உங்கள் கூட்டில் நீங்கள் தருவது பணம் ஒன்றுதான். அதைக் கொடுத்த மறுநாளே அவருக்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.

கூட்டு உடையவும் செய்யும். 1855-ல் லண்டனிலும் லிவர்பூலிலும் கடை திறந்த, பார்சிகளான காமா குடும்பத்தின் கம்பெனியில் தாதாபாய் நௌரோஜியும் பார்ட்னர். அபின், மது வியாபாரத்தில் வரும் லாபம் பிடிக்காமல் 1858-ல் வெளியே வந்து, அடுத்த வருஷம் சொந்தக் கம்பெனி வைத்தார். நாளைக்கு நீங்கள் இப்படி விலகினால் உங்கள் 10 லட்சம் எப்போது, எந்தக் கணக்கில் திரும்பும்? நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

வாய்ப்பேச்சிலும் பார்ட்னர்ஷிப் செல்லும், ஆபத்தே அதுதான். 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் நஷ்டமும் சரிபாதி. கடன் கொடுத்தவர் உங்கள் 10 லட்சத்தோடு நிற்க மாட்டார், நண்பர் தொழிலுக்காகக் கடனில் எடுத்த சரக்குக்கு உங்கள் எஃப்டி, வீடு வரைக்கும் வரலாம். பதிவு செய்யாத கூட்டு என்றால், பேசியபடி பங்கு தரவில்லை என்று அவர் மேல் நீங்கள் வழக்குப் போடவும் முடியாது, கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

நானாக இருந்தால் எல்எல்பி (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) ஆக்கச் சொல்வேன், பொதுவாக அதில் உங்கள் பொறுப்பு, போட்ட பணத்தோடு நிற்கும். ஒப்பந்தத்தில் விலகும் வழியும், பேங்க் கணக்கில் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். வருஷா வருஷம் ரிட்டர்ன் தாக்கல், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் இந்தத் தொகைக்கு அதிகம் என்று தோன்றினால் பார்ட்னராகவே ஆகாதீர்கள், வட்டி, தவணை எழுதிக் கடனாகக் கொடுங்கள். அப்புறம், வேலையில் இருந்துகொண்டே வெளித்தொழிலில் பார்ட்னராக உங்கள் ஆபீஸ் விடுகிறதா என்று முதலில் எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள், நிறைய பேருக்கு இது கையெழுத்துப் போட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது.