கம்மல், கடுக்கன், தலைப்பாகை, பெல்ட் எல்லாம் வெறும் அழகுக்குத்தானா? உடையில் அவற்றுக்கு வேறு வேலை உண்டா?

வேலூர்க்காரனிடம் கேட்கிறீர்கள். கடுக்கனுக்கும் தலைப்பாகைக்கும் ரத்தம் சிந்திய ஊர் இது.

1805 நவம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத் தளபதியாக கிராடக் இருந்தபோது ஒரு உத்தரவு வந்தது. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் விபூதியோ நாமமோ இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி வைக்கக்கூடாது. அப்புறம் புதுத் தலைப்பாகை. பார்வைக்கு வெள்ளைக்காரர் தொப்பி மாதிரி இருந்தது. அதில் தோலில் செய்த ஒரு சின்னம் வேறு. மாட்டுத் தோலோ, பன்றித் தோலோ என்று இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே கொதித்தார்கள். போட மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கலகத்தை அடக்கிவிட்டார். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் சிறை இருந்தது போல வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தீப்பொறியானது அந்தத் தலைப்பாகைதான். பிறகு உத்தரவையே வாபஸ் வாங்கினார்கள்.

அதே கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை நின்று பாருங்கள். காதணி, தோள்வளை, இடுப்புப் பட்டை என்று ஆண்களுக்கும் குறைவில்லாமல் செதுக்கியிருப்பார்கள். ஆணுக்கு நகை எதற்கு என்ற பேச்செல்லாம் பின்னால் வந்தது.

வேலைக்கென்றே இருந்தவையும் உண்டு. எங்கள் தாத்தா லுங்கி மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார். பணம், சீட்டு, சாவி எல்லாம் அதன் பைக்குள். பாட்டிக்கு இடுப்பில் சுருக்குப்பை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சில்லறை. இன்றைய ஹேண்ட்பேக் செய்கிற வேலையை அது அப்போதே செய்தது.

ஆனால் எனக்கு இந்த விஷயம் உறைத்தது அம்மாவால்தான். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். மெஷினில் சிக்கிவிடும் என்று கண்ணாடி வளையல் போட விடமாட்டார்கள். அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது வெறும் கையோடு தெருவில் நடக்க அம்மாவுக்கு மனசு வராது. அதனால் வளையல்களைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொள்வார். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, உடையாமல் ஒவ்வொன்றாக மாட்டுவார். சிறுவனாக ஒருநாள் கூடப் போனபோது பார்த்தேன். கடைசி வளையல் ஏறிய பிறகுதான் பக்கத்து சீட்டு அக்காவிடம் பேச்சே கொடுத்தார்.

அம்மா வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது தூங்கும்போதுகூட வளையலைக் கழற்றுவதில்லை.